65,000 லெட்டர், ஒரு ஷிஃப்ட்: மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் பட்டாலியன் நடத்துன கதை

ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்தோட கருப்பினப் பெண்கள் தபால் பட்டாலியன நடத்துன சாரிட்டி ஆடம்ஸ் பத்தி எங்க படிச்சாலும் முதல்ல வந்து நிக்கிறது ஒரே ஒரு டயலாக்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒரு ஜெனரல், "யூனிட்ட எப்படி நடத்தணும்னு உனக்குக் காட்ட ஒரு வெள்ளைக்கார ஃபர்ஸ்ட் லெப்டினன்ட்ட அனுப்பி வைக்கிறேன்"ங்கிறாரு, இவங்க நின்ன இடத்துலயே "என் பொணத்து மேலதான் அது நடக்கும், சார்"ங்கிறாங்க. கேக்கவே புல்லரிக்கும், நெஜமா நடந்ததும்கூட, பின்னாடி அவங்களே எழுதியும் வச்சிருக்காங்க. ஆனா அந்த ஒரு வரியோட கதைய முடிச்சிட்டா தைரியமான ஒரு பொண்ணுன்னு மட்டும்தான் மனசுல நிக்கும், எவ்ளோ பெரிய வேலைக்காரின்னு தெரியாமயே போயிடும். மேலதிகாரிய எதிர்த்துப் பேசுனவங்க எல்லா ராணுவத்துலயும் இருப்பாங்க, பேசிட்டு மறுநாள் காலைல அதே சேர்ல உக்காந்து அதே வேலைய நடத்துனவங்க எத்தன பேரு? அவங்களால எப்படி உக்கார முடிஞ்சுதுங்கிறதத்தான் இங்க கொஞ்சம் பிரிச்சுப் பாக்கப் போறேன்.

முதல்ல ஆளு யாருன்னு சுருக்கமா. 1918ல நார்த் கரோலினால பொறந்து சவுத் கரோலினால கொலம்பியா ஊர்ல வளந்தவங்க, அப்பா சர்ச் போதகர், அம்மா டீச்சர். ஒஹாயோல இருக்குற வில்பர்ஃபோர்ஸ் யுனிவர்சிட்டில கணக்கு, பிசிக்ஸெல்லாம் படிச்சு 1938ல முடிச்சிட்டு, ஊருக்கே வந்து ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை. இந்தக் கணக்கு டீச்சர் விஷயத்த மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும். 1942 மே மாசம் அமெரிக்க ராணுவம் பெண்களுக்குன்னு ஒரு துணைப்படை ஆரம்பிக்குது, அதுல கருப்பினப் பெண்களும் வரணும்னு கருப்பினத் தலைவி மேரி மெக்லியோட் பெதூன் மாதிரி ஆளுங்க போராடுனதுனால பத்து சதவீதம் வரைக்கும் இடம் கிடைக்குது. முதல் ஆபீசர் பயிற்சி பேட்ச்ல 440 இடம், அதுல 40 இவங்களுக்கு. ஜூலை மாசம் அயோவால இருக்குற ஃபோர்ட் டி மாயினுக்கு வந்து சேந்தவங்கள்ல ஆடம்ஸும் ஒருத்தர்.

வர்ற வழியெல்லாம் வெள்ளைக்காரப் பொண்ணுங்களோட பேசிச் சிரிச்சு ஒண்ணாத்தான் வந்திருக்காங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. கேம்புக்குள்ள வந்து இறங்குனதும் ஒரு சின்னப் பையன், செகண்ட் லெப்டினன்ட், "கலர்ட் பொண்ணுங்கெல்லாம் இந்தப் பக்கம் வாங்க"ன்னு கைய நீட்டுறான். அவ்ளோதான், அதுவரைக்கும் தோழிங்களா இருந்தவங்க ரெண்டு வரிசையா ஆயிட்டாங்க. தங்குற இடம் தனி, மெஸ்ல உக்கார்ற டேபிள் தனி. 1942 ஆகஸ்ட்ல ஆபீசராகி, அந்தப் படைல கமிஷன் வாங்குன முதல் கருப்பினப் பெண்ணுன்னு பேர் வாங்குனாங்க. அதுக்கப்புறமும் ஒரு தடவ ஆபீசர்ஸ் கிளப்புக்குப் போனதுக்காக ஒரு கர்னல் கூப்பிட்டு அட்டென்ஷன்ல நிக்க வச்சு, ஆபீசர் ஆயிட்டங்கிறதுக்காக நிறம் மாறிடாதுங்கிற தோரணைல ரொம்ப நேரம் பாடம் எடுத்திருக்காரு. இவங்க பதில் பேசல, நின்னு கேட்டுட்டுத் திரும்பி வந்தாங்க. எந்த இடத்துல பேசணும் எந்த இடத்துல பேசக்கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கு. பின்னாடி இங்கிலாந்துல பர்மிங்காம்ல அந்த ஜெனரல்கிட்ட அவங்க வாயத் தொறந்தது ஏதோ கோவத்துல தொறந்தது இல்லன்னு நான் நெனைக்கிறதுக்கு இதுதான் காரணம்.

இன்னொரு சம்பவம், இது எனக்கு அந்த ஜெனரல் கதைய விடப் பெருசாத் தெரியுது. ஃபோர்ட் டி மாயின்ல கருப்பினப் பெண்களுக்குன்னு தனியா ஒரு பயிற்சி ரெஜிமென்ட் போடலாம்னு ராணுவம் யோசிக்குது, அதுக்கு நீயே தலைமை ஏத்துக்கோன்னு ஆடம்ஸக் கேக்குறாங்க. சாதாரணமா யாரா இருந்தாலும் பெரிய போஸ்டிங்னு சந்தோஷமா வாங்கிப்பாங்க. இவங்க முடியாதுன்னுட்டாங்க. ராணுவத்துல ஒரு ஆபீசரா மேல வந்தா போதும், "கருப்பு ரெஜிமென்ட்டோட தலைவி"ன்னு ஒரு தனி ஏணில ஏறி வர வேணாம்ங்கிறது அவங்க வாதம். அந்தத் திட்டமே கடைசில கைவிடப்பட்டுச்சு. தனியாக் குடுக்குறது பட்டமா இருந்தாலும் சரி பதவியா இருந்தாலும் சரி, வாங்குனா பிரிவினைக்கு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்ங்கிறது அவங்க கணக்கு, இத இங்கிலாந்துலயும் விடாமப் பண்ணாங்க.

லெட்டர் மலை

1944 கடைசி. ஐரோப்பாவுல அமெரிக்க ஆளுங்க, சிப்பாய், அரசாங்க ஊழியர், செஞ்சிலுவைச் சங்கத்துக்காரங்க எல்லாம் சேத்து சுமார் 70 லட்சம் பேர். ஜூன்ல நார்மண்டில இறங்குனதுல இருந்து படை ஓரிடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்குற யூனிட் அடுத்த வாரம் பெல்ஜியத்துல இருக்கும், வீட்டுல இருந்து அம்மா போட்ட லெட்டர் பழைய அட்ரஸுக்குப் போய்த் திரும்பி எங்கயோ ஒரு கொடவுன்ல விழும். இப்படி விழுந்து விழுந்து பர்மிங்காம்ல பெரிய பெரிய ஷெட்டுங்க கூரை வரைக்கும் தபால் மூட்டையா நிறைஞ்சு போச்சு. போன கிறிஸ்துமஸுக்கு அனுப்புன கேக்கெல்லாம் பார்சலுக்குள்ளயே கெட்டுப் போய், அத மோப்பம் புடிச்ச எலிங்க குடும்பம் குடும்பமா குடியேறியிருந்துச்சு. லெட்டர் வரலன்னா சிப்பாய்க்கு மனசு உடையும், மனசு உடைஞ்சவன் சண்ட போட மாட்டான்ங்கிறது ராணுவத்துக்குத் தெரியும், ஆனா பிரிக்க ஆள் இல்ல.

இன்னொரு பக்கம் கருப்பின பத்திரிகைகளும் அமைப்புகளும், எங்க பொண்ணுங்கள ஏன் வெளிநாட்டு வேலைக்கு அனுப்பலன்னு விடாமக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டும் சேந்துதான் 6888வது மத்திய தபால் பட்டாலியன் உருவாச்சு. ஆபீசருங்களையும் சேத்து 855 பேரு, அந்தப் போர்ல கடல் தாண்டிப் போன பெரிய அளவிலான ஒரே கருப்பினப் பெண்கள் ராணுவ யூனிட் இதுதான். ஜார்ஜியால ஃபோர்ட் ஓகல்தார்ப்ல கேஸ் மாஸ்க் போடுறது, கயிறு புடிச்சு ஏறுறதுன்னு பயிற்சி குடுத்து, 1945 பிப்ரவரி ஆரம்பத்துல கப்பல் ஏத்திவிட்டாங்க. வழில ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கிட்ட இருந்து தப்பிக்கக் கப்பல் அப்படியும் இப்படியும் வளைஞ்சு வளைஞ்சு ஓடுனதுல பாதிப் பேருக்கு வாந்தி. கிளாஸ்கோல இறங்குன கொஞ்ச நேரத்துல துறைமுகம் பக்கத்துலயே ஒரு ஜெர்மன் ராக்கெட் விழுந்து எல்லாரும் சிதறி ஓடியிருக்காங்க. ஆடம்ஸும் அவங்களுக்கு அடுத்த நிலைல இருந்த கேப்டன் ஏபி கேம்பலும் முன்னாடியே விமானத்துல போயிட்டாங்க, கைல குடுத்த சீல் வச்ச கவர வானத்துல போனதுக்கப்புறம்தான் பிரிக்கணும்னு உத்தரவு, எங்க போறோம்னே அப்போதான் தெரியும். வயசு 26.

பர்மிங்காம்ல தங்குறதுக்கு ஒரு பழைய ஸ்கூல் கட்டடம், குளிக்கிறதுக்கு முற்றத்துல ஷவர். வேலை செய்ற ஷெட்டுல ஹீட்டர் கிடையாது, குண்டு போடுற விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு ஜன்னலுக்கெல்லாம் கருப்புப் பெயின்ட், உள்ள மங்கலா ஒரு பல்பு. நீளக் கம்பளி உள்ளாடைக்கு மேல பேன்ட், அதுக்கு மேல கோட்டுன்னு மாட்டிக்கிட்டு உக்காந்து பிரிச்சிருக்காங்க.

கார்டு சிஸ்டம்

மேலிடம் குடுத்த டைம் ஆறு மாசம். அதுக்குள்ள முடியாதுன்னு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டுதான் குடுத்திருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், அது கெடக்கட்டும். ஆடம்ஸ் பண்ணது என்னன்னா ஆளுங்கள மூணு ஷிஃப்ட்டாப் பிரிச்சாங்க, எட்டெட்டு மணி நேரம், வாரத்துல ஏழு நாளும், ராத்திரி பகல்னு ஷெட்டு மூடவே மூடாது. அடுத்து ஐரோப்பாவுல இருக்குற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கார்டு, பேரு, யூனிட், ராணுவ சீரியல் நம்பர், இப்போ எங்க இருக்காருங்கிற தகவல். 70 லட்சம் கார்டு. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கைல. யூனிட் இடம் மாறுனா கார்டுலயும் மாத்தணும், ஆளு காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா அதையும் எழுதணும்.

சீரியல் நம்பர் ஏன்னு கேட்டா, ராபர்ட் ஸ்மித்ங்கிற பேர்ல மட்டும் 7,500 பேர் இருந்தாங்க. பேர மட்டும் வச்சுத் தேடுனா ஆயுசுக்கும் முடியாது. இதுல சில கவர் மேல "ஜூனியர், அமெரிக்க ராணுவம்"னு மட்டும் இருக்கும், சிலதுல வீட்டுல கூப்பிடுற செல்லப் பேரு. அந்த மாதிரி லெட்டர எடுத்து, போஸ்ட் பண்ண ஊர் முத்திரை என்ன, அனுப்புனவங்க அட்ரஸ் ஏதாவது இருக்கான்னு துப்பு துலக்குற மாதிரி பாத்துக் கார்டோட ஒத்துப் பாத்துக் கண்டுபுடிச்சிருக்காங்க. அனுப்பிச்ச லெட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள ஆளு செத்துப் போயிருந்தா அத உறுதிப்படுத்திட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பணும், அதுவும் இவங்க வேலைதான். இருபது வயசுப் பொண்ணுங்க ராத்திரி ஷிஃப்ட்ல உக்காந்து ஒவ்வொரு கவரா அதப் பிரிச்சு வைக்கிறத யோசிச்சுப் பாருங்க.

ஒரு ஷிஃப்ட்டுக்குச் சுமார் 65,000 தபால். மூணு ஷிஃப்ட்டுக்குப் பெருக்குனா ஒரு நாளைக்கு 1,95,000, மூணு மாசத்துக்கு ஒன்றே முக்கால் கோடி. அதே மூணு மாசத்துல பர்மிங்காம் ஷெட்டு காலி, குடுத்த டைம்ல பாதி. கணக்கு டீச்சர ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சொன்னது இதுக்குத்தான். யூனிட்டுக்குள்ள பொண்ணுங்களே ஓட்டுன "லெட்டர் இல்லன்னா உற்சாகம் இல்ல"ங்கிற கோஷம் எல்லாருக்கும் தெரியும், ஆனா கோஷத்தால தபால் பிரியாது, கார்டாலதான் பிரிஞ்சுது.

வேலைய மட்டும் பாத்துட்டு ஆளுங்கள விட்டுடவும் இல்ல. சொந்தமா மெஸ், சொந்தமா வண்டி பராமரிப்பு, அப்புறம் ஒரு பியூட்டி பார்லர். கடைசியாச் சொன்னத சின்ன விஷயமா நெனைக்காதீங்க, கருப்பினப் பெண்களோட முடிய வாரத் தெரிஞ்ச கடையோ அதுக்கான சீப்போ அந்த ஊர்ல எங்க போய் வாங்குறது, ராணுவம் எதிர்பாக்குற நேர்த்தில யூனிஃபார்மோட நிக்கணும்னா அதுவும் வேணும்ல? முடி நேராக்குற சூடு சீப்புல இருந்து எல்லாத்தையும் வரவழைச்சுக் குடுத்தாங்க.

லண்டன்ல செஞ்சிலுவைச் சங்கம் இவங்களுக்குன்னே தனியா ஒரு ஹோட்டல் தொறந்தப்போ பழைய கணக்கு மறுபடி வந்துச்சு. லீவுல போற மத்தப் பெண் சிப்பாய்ங்க தங்குற இடம் ஏற்கனவே இருக்கு, இவங்களும் அதுலதான் தங்கிட்டு இருந்தாங்க, புதுசா எதுக்குத் தனி ஹோட்டல்? வசதியாத்தான் இருந்திருக்கும், நல்ல மெத்தைகூட இருந்திருக்கும். ஆடம்ஸ் தன் பொண்ணுங்களக் கூட்டி விஷயத்தச் சொன்னாங்க, யாரும் அங்க போய்த் தங்க வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்களும் தங்கல. இங்க ஒண்ணு கவனிக்கணும், லீவு அவங்கவங்க சொந்த நேரம், அதுல எங்க தங்கணும்னு கமாண்டர் உத்தரவு போட்டெல்லாம் சாதிக்க முடியாது. 800 சொச்சம் பேரு சொந்த விருப்பத்துல ஒரு நல்ல மெத்தைய வேணாம்னு சொல்றாங்கன்னா அந்த யூனிட்டுக்குள்ள என்ன நம்பிக்கை இருந்திருக்கும்?

அந்த ஜெனரல்

இப்போ டயலாக்குக்கு வருவோம். ஜெனரல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாரு, மொத்த பட்டாலியனும் வரிசைல நிக்கும்னு எதிர்பாக்குறாரு, நின்னதோ ஒரு பகுதிதான். மத்தவங்க எங்கன்னு கேட்டா ஒரு ஷிஃப்ட் வேலை பாக்குது, ராத்திரி முழுக்க வேலை பாத்த ஷிஃப்ட் தூங்குதுன்னு ஆடம்ஸ் சொல்றாங்க. அவருக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அதுக்கப்புறம்தான் வெள்ளைக்கார லெப்டினன்ட் பேச்சு, அதுக்கு இவங்க பதில், உடனே கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) பண்ணிருவேன்னு மிரட்டல்.

என்னக் கேட்டா தலைமைங்கிறது அந்தப் பதில்ல இல்ல, அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு. ஜெனரல் வர்றாரு, கூட்டம் காட்டணும்னு தூங்குறவங்கள எழுப்பி, வேலைல இருந்தவங்கள நிறுத்தி வரிசைல நிக்க வச்சிருந்தா எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது, அன்னைக்கு ஒரு ஷிஃப்ட் தபால் மட்டும் போயிருக்கும், அடுத்த ஷிஃப்ட் தூக்கக் கலக்கத்துல தப்புத் தப்பாப் பிரிச்சிருக்கும். பெரும்பாலான ஆபீசருங்க அதத்தான் பண்ணியிருப்பாங்க. இவங்க பண்ணல, ஏன்னா வந்த வேலை தபால் பிரிக்கிறது, ஜெனரலுக்கு அணிவகுப்பு காட்டுறது இல்ல.

பின்னாடி நடந்ததும் சுவாரசியம். ஜெனரல் தரப்புல கோர்ட் மார்ஷலுக்குக் காகிதம் தயாராகுதுன்னு தகவல் வருது. ஆடம்ஸ் மன்னிப்புக் கடிதம் எழுதல, மேலிடத்துல கண்ணீர் விடல, ரூல் புக்க எடுத்தாங்க. படைகளுக்குள்ள இனப் பிரிவினைய அழுத்திச் சொல்ற மாதிரிப் பேசக்கூடாதுன்னு நேச நாட்டுப் படைத் தலைமையகம் ஏற்கனவே ஒரு உத்தரவு போட்டிருந்துச்சு. "வெள்ளைக்கார" லெப்டினன்ட்ட அனுப்புறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது அந்த உத்தரவ மீறுனதுதானே? அத வச்சு ஜெனரல் மேலயே இவங்க குற்றச்சாட்டு தயார் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. என்ன அவமானப்படுத்திட்டாருன்னு ஒரு வரிகூட இல்ல, உங்க உத்தரவ நீங்களே மீறுனீங்க, அவ்ளோதான். விஷயம் காதுக்குப் போனதும் அவரு தன் பக்கத்துக் காகிதத்தச் சத்தமில்லாமச் சுருட்டி வச்சுட்டாரு. பின்னாடி பிரான்ஸ்ல பாத்தப்போ உன் மேல மரியாதை வந்திருக்குன்னு அவரே சொன்னதாவும் ஆடம்ஸ் எழுதியிருக்காங்க.

இதெல்லாம் நடந்துக்கிட்டு இருந்த அதே 1945 மார்ச்ல, அதே ராணுவம், அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஃபோர்ட் டெவன்ஸ் ராணுவ ஆஸ்பத்திரி. அங்கயும் கருப்பினப் பெண் சிப்பாய்ங்க. மருத்துவப் பயிற்சி குடுப்பாங்கன்னு நம்பி வந்தவங்களுக்குத் தரை தொடைக்கிறது, பாத்திரம் கழுவுறதுன்னு வேலை போட்டாங்க. கேட்டுப் பாத்தாங்க, நடக்கல, ஐம்பதுக்கும் மேல பேரு வேலைக்குப் போகாம உக்காந்துட்டாங்க. பெரும்பாலானவங்க மிரட்டலுக்கப்புறம் திரும்பிட்டாங்க, திரும்ப மாட்டோம்னு நின்ன நாலு பேருக்கு கோர்ட் மார்ஷல், ஒரு வருஷம் கடுங்காவல், கௌரவமில்லாத டிஸ்சார்ஜ்னு தீர்ப்பு. நாடு முழுக்க எதிர்ப்பு கெளம்புனதும் ஏப்ரல்ல நடைமுறைக் கோளாறுன்னு ஒரு காரணத்தச் சொல்லி ரத்து பண்ணாங்க.

டெவன்ஸ் பொண்ணுங்களுக்குத் தைரியம் கம்மியா? ஜெயிலுக்குப் போனாலும் பரவால்லன்னு நின்னவங்க, ஆடம்ஸ விட ஒரு படி மேலன்னுகூடச் சொல்லலாம். அவங்களுக்கும் நேரடி அதிகாரியா ஒரு கருப்பின லெப்டினன்ட் இருந்தாங்க. ஆனா யாருக்கு என்ன வேலைன்னு முடிவு பண்றது ஆஸ்பத்திரிய நடத்துன வெள்ளைக்கார கர்னல். பர்மிங்காம்ல டூட்டி லிஸ்ட் போடுற பேனா ஆடம்ஸ் கைல இருந்துச்சு. யாரு ராத்திரி ஷிஃப்ட், யாரு தூங்கணும், யாரு அணிவகுப்புல நிக்கணும், எல்லாம் அந்தப் பேனாதான். "முதல் கருப்பினப் பெண் ஆபீசர்"னு பட்டம் குடுத்து போட்டோ எடுக்கிறது ஈஸி, டூட்டி லிஸ்ட்ட விட்டுக் குடுக்கிறதுதான் கஷ்டம்.

இதுல ஒரு உறுத்தல் இருக்கு, மறைக்க முடியாது. தனின்னு வந்த எல்லாத்தையும் தள்ளுன ஆடம்ஸுக்கு அந்தப் பேனா கெடச்சதே பட்டாலியன் தனியா இருந்ததுனாலதான். கலந்த யூனிட்டா இருந்திருந்தா 1945ல வெள்ளைக்காரங்களுக்கு மேல ஒரு கருப்பினப் பெண்ண யாரும் கமாண்டரா வச்சிருக்க மாட்டாங்க. ராணுவத்துல பிரிவினை கூடாதுன்னு அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டதே 1948ல. அவங்க வேற என்ன பண்ணியிருக்க முடியும்னு எனக்குத் தோணல, ஆனா இந்த முரண்பாட்ட விட்டுட்டு அவங்க கதையச் சொன்னா அது பாதிக் கதை.

ரூவான், அதுக்கப்புறம்

ஜெர்மனி சரணடைஞ்சதும் பட்டாலியன் பிரான்ஸ்ல ரூவானுக்குப் போச்சு. அங்கயும் அதே மலை, சில லெட்டருங்க ரெண்டு மூணு வருஷம் பழசு. இந்தத் தடவ பிரெஞ்சு ஊழியருங்களும் ஜெர்மன் போர்க்கைதிங்களும்கூட இவங்களுக்குக் கீழ வேலை பாத்தாங்க. கேட்டுல காவலுக்கு நின்ன இவங்களோட பெண் மிலிட்டரி போலீஸுக்குத் துப்பாக்கி அனுமதி இல்ல, ஜூஜுட்சுங்கிற ஜப்பான் தற்காப்புக் கலையக் கத்துக்கிட்டுச் சமாளிச்சிருக்காங்க.

1945 ஜூலைல ஒரு ஜீப் விபத்துல மூணு பேர் இறந்துட்டாங்க, மேரி பார்லோ, மேரி பாங்க்ஸ்டன், டொலோரஸ் பிரௌன். இறுதிச் சடங்குக்கு போர்த்துறை பணம் ஒதுக்கல. பட்டாலியன் பொண்ணுங்களே சம்பளத்துல இருந்து போட்டுச் சேத்து, தங்களுக்குள்ள முன்னாடி உடல்கள அடக்கத்துக்குத் தயார் பண்ற வேலை பாத்தவங்க யாருன்னு தேடிப் புடிச்சு அவங்கள விட்டே அதப் பண்ண வச்சு, முழு ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ணாங்க. நார்மண்டில இருக்குற அமெரிக்கக் கல்லறைல 9,000க்கு மேல கல்லறை, அதுல பெண்கள் நாலே பேர், மூணு பேர் இவங்கதான்.

ஆடம்ஸ் 1945 டிசம்பர்ல லெப்டினன்ட் கர்னல் ஆனாங்க. அந்தப் படைல கர்னல் பதவி ஒண்ணே ஒண்ணு, அது படையோட டைரக்டருக்கு, அதனால அதுக்கு மேல ஏற ஏணியே கிடையாது. 1946 மார்ச்ல ராணுவத்த விட்டுட்டாங்க, பட்டாலியனும் அதே சமயத்துல கலைஞ்சுது, வரவேற்பு ஊர்வலம், விழா எதுவும் இல்ல, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. அமெரிக்க ராணுவத்துல முதல் கருப்பினப் பெண் ஜெனரல் ஹேசல் ஜான்சன் வர்றதுக்கு அதுக்கப்புறம் 33 வருஷம், 1979. கடற்படைல மிஷெல் ஹோவர்டு நாலு நட்சத்திர அட்மிரல் ஆனது 2014ல. ஆடம்ஸ் ஒஹாயோல டேட்டன் நகரத்துல சமூக வேலைகள் பாத்துக்கிட்டு இருந்து 2002ல இறந்தாங்க.

அவங்களுக்கும் பட்டாலியனுக்கும் பெரிய கௌரவமெல்லாம் அதுக்கப்புறம்தான் வரிசை கட்டுச்சு. 2018ல நினைவுச் சின்னம், 2022ல காங்கிரஸ் தங்கப் பதக்கத்துக்குச் சட்டம், பதக்க விழா நடந்தது 2025 ஏப்ரல்ல. நடுவுல 2023ல வர்ஜீனியாவுல இருக்குற ஃபோர்ட் லீ முகாமுக்கு, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமை முறைக்காக நின்ன தெற்குப் படையோட தளபதி ராபர்ட் லீ பேர எடுத்துட்டு, ஆர்தர் கிரெக்ங்கிற கருப்பின லெப்டினன்ட் ஜெனரல் பேரையும் ஆடம்ஸ் பேரையும் சேத்து ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ்னு வச்சாங்க. பதக்க விழா முடிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகல, 2025 ஜூன்ல மறுபடி ஃபோர்ட் லீ ஆக்குறோம்னு அறிவிப்பு. இந்த லீ அந்த லீ இல்லயாம், ஃபிட்ஸ் லீங்கிற கருப்பினச் சிப்பாயாம், அமெரிக்கா ஸ்பெயினோட போட்ட போர்ல வீரப் பதக்கம் வாங்குனவர். மனுஷன் தகுதியானவர்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவர் பேருல இருந்த "லீ"க்காகத்தான் அவரத் தேடிப் புடிச்சாங்கங்கிறது சின்னப் புள்ளைக்கும் தெரியும், அதுக்குன்னு எடுத்துப் போட்ட பேர்ல ஒண்ணு ஆடம்ஸோடது.